புக்கிட்டில் ஒரு ஸ்தோத்திரம்

1. திட்டத் தெரியாதவன்

எண்பதுகளில் மலேசியாவில், கோலா குபு பாருவில் கார் ஓட்டும் பள்ளி ஒன்றில் வாத்தியாராகச் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி ஒரு மர ஸ்கேலைக் கையில் கொடுத்தார். கிளட்சைப் படக்கென்று விடுகிறவர் முட்டியில் அதால் ஒரு தட்டு. அப்போது அதுதான் பாடம்.

"திட்டுனாத்தான் பயம் இருக்கும், பயம் இருந்தாத்தான் பாஸ் ஆவாங்க," என்றார்.

நான் சாது இல்லை. என் கோபம் வீட்டில் பிரசித்தம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் பாடிவிட்டு, திங்கட்கிழமை ஒருவரைப் பயமுறுத்த வெட்கமாக இருந்தது. சோர்ந்தவர்களைத் தேற்றச் சொல்லித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஸ்கேலைச் சீட்டுக்கு அடியில் போட்டேன். யார் எதைச் சரியாகச் செய்தாலும் வாய் நிறைய "ஸ்தோத்திரம்" என்றேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தால் ஒன்று. ரோட்டில் குறுக்கே வந்த கோழி உயிர் பிழைத்தால் இரண்டு. மற்ற வாத்தியார்கள் என் வண்டிக்கு 'சர்ச் கார்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

2. பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்துப் பள்ளிக்கூட வேனுக்கு டிரைவர் தேவைப்பட்டது. "வெள்ளிக்கிழமைக்குள்ள பாஸ் பண்ணிட்டு வா, வேலை உனக்கு. இல்லன்னா வெளியாளப் போட்டுருவேன்," என்று தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லியிருந்தார். அக்கா வேறொரு வாத்தியாரிடம் படித்து இரண்டு முறை ஃபெயில். இரண்டு முறையும் புக்கிட்டில். மேட்டில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கிற பரீட்சை அது. மூன்றாவது முறைக்கு என் வண்டியில் ஏறினார்.

"தம்பி, என் காலு மரத்துக்கு மரம் நடக்கத்தான் லாயக்கு லா. பெடலுக்கு இல்ல."

"இருட்டுல மரம் வெட்டுற ஆளு நீங்க. காருதான்க்கா உங்களப் பாத்துப் பயப்படணும்."

கிளட்சைப் பாதி விட்டதும் காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அப்போதுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். மூக்கு தூக்கியதும் நான் "ஸ்தோத்திரம்" என்பேன், அக்கா பிரேக்கை விடுவார், வண்டி ஜம்மென்று ஏறும். இருபது முறை ஏறினோம். இருபது முறையும் நான் சொன்னேன். என்ன பழக்கிவிடுகிறேன் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

3. வியாழக்கிழமை

பரீட்சை அதிகாரி மலாய்க்காரர். அக்காவுக்குப் பக்கத்தில் அவர், மேட்டுக்குக் கீழே மரத்தடியில் நானும் முதலாளியும். கார் மேட்டில் ஏறி நின்றது. மூக்கு தூக்கியது. அப்படியே உறுமிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா என் சொல்லுக்காகக் காத்திருக்கிறார். இங்கிருந்து கத்தினால் அதிகாரி அங்கேயே ஃபெயில் போடுவார்.

"ஸ்கேலு எங்கடா வச்ச?" என்றார் முதலாளி.

கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். அப்போது கார் ஜன்னல் வழியே ஒரு குரல் ஊருக்கே கேட்டது: "ஸ்தோத்திரம்."

அக்காதான். மாரியம்மன் கோயிலில் தவறாமல் தீ மிதிக்கிற பாக்கியம் அக்காதான். கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் வராமல் ஏறியது. நான் குதித்த குதியில் ஒரு செருப்பு காணாமல் போனது.

இறங்கி வந்த அதிகாரி, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று மலாயில் கேட்டார். நன்றி சொல்வது என்றேன். "அப்ப நானும் சொல்லணும், உயிரோட இறங்கிட்டேன்," என்று சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார்.

"ஏன்க்கா நீங்களே சொன்னீங்க?"

"நீதான் பக்கத்துல இல்லையே தம்பி. யாராச்சும் சொல்லணும்ல. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

தைரியம் சொல்கிறவன் எப்போதும் பக்கத்துச் சீட்டில் இருக்க முடியாது என்பதை அன்றுதான் கற்றேன். அதன்பின் ஒவ்வொருவருக்கும் கடைசி இரண்டு பாடங்களில் வாயை மூடிக்கொண்டு, அவரவர் சொல்லை அவரவரே சொல்ல விட்டேன். ஒருவர் முருகா என்றார். ஒரு சீனர் தனக்குப் பிடித்த சாப்பாட்டின் பெயரைச் சொன்னார். கார் எல்லாருக்கும் ஏறியது.

அக்கா பாஸான அடுத்த வாரம் கலும்பாங் மேட்டில் ஒரு பள்ளிக்கூட வேன் எனக்கு முன்னால் நின்றது. மாடுகள் ரோட்டைக் கடந்தன. வேனின் மூக்கு லேசாகத் தூக்கியது. உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றார்கள். அக்கா பிரேக்கை விட்டார்.