கேத்தலுக்கு ஒரு செருப்பு

"செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடுங்க மிஸ், ஒண்ணும் ஆகாது" என்றார் வீட்டுக்காரர். கண்டியில் நான் வாடகைக்கு எடுத்த வீட்டில், தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தலைத் தொட்டுக் கரண்டு அடித்த என் விரல்கள் இன்னும் விறுவிறுத்துக்கொண்டிருந்தன.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான எங்கள் லயத்து அடுப்படியிலும் ஒரு சோடி இரப்பர் செருப்பு கிடந்தது. வீட்டுக்குள் யார் செருப்போடு வந்தாலும் திட்டும் அம்மா, கேத்தலைத் தொடுவதற்கு மட்டும் அதை மாட்டிக்கொள்வார். மழைநாளில் மறந்து தொட்டுவிட்டால், "ஆத்தாடி!" என்று கையை உதறிவிட்டுச் சிரிப்பார். "கரண்டுன்னா கடிக்கத்தான் செய்யும் புள்ள." லயமே அப்படித்தான் நம்பியது.

அதே அம்மா, தான் சமைக்கப் போன தோட்டத்துத் துரையின் பங்களாவில் வெறுங்காலோடுதான் கேத்தலைத் தொட்டார். அது ஒருநாளும் கடிக்கவில்லை. "அது நல்ல சாமான்" என்பார். சாமான் இல்லை, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பி! பங்களாவுக்குப் போட்ட கம்பியை எங்களுக்குப் போடாமல் விட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்த எனக்கு, விஞ்ஞான வகுப்பில்தான் அது விளங்கியது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"அடுத்த கிழமை எங்கம்மா இங்க தங்க வாறாங்க. எர்த் போட்டுத் தாங்க, இல்லாட்டி வேற வீடு பாத்துக்கிறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஆள் பிடித்துப் போட்டுத் தந்தார்.

அம்மா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனவர், கேத்தலுக்குக் கீழே தரையில் எதையோ தேடினார்.

"இதுக்குச் செருப்பு எங்க புள்ள?"