ஒரே எண்ணில் இருபத்தேழு பேர்

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அந்தக் கைகள் விசைப்பலகையை வரிசை வரிசையாகத் துடைத்தன. முதலில் எண்கள், பிறகு எழுத்துகள், கடைசியாக அடியில் உள்ள நீளமான விசை. துடைத்து முடித்ததும் விசைப்பலகையைக் கவுண்டரின் மறுபக்கம் திருப்பி வைத்தன. அதற்காகவே நீளமான கேபிள் போட்டிருந்தது.

கைகள் ஜோவிதாவினுடையவை. வயது முப்பத்தொன்பது. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிக் கணக்கு உதவி மையத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறார். யாருடைய பாஸ்வேர்டையும் அவர் தட்டியதில்லை. வந்தவரிடம் விசைப்பலகையைத் தள்ளிவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "நான் திரும்பிட்டேன், அடிங்க" என்பார். பேராசிரியர் வந்தாலும் அதே சுவர்தான்.

அந்தப் புதன்கிழமை, மூன்றே முக்காலுக்கு வந்து நின்றவர் முனிரத்தினம். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டுபவர். டிப்ளமோ முடித்துப் பதினோரு வருடம் கழித்து, வேலையில் இருப்பவர்களுக்கான மாலை நேரப் பொறியியல் படிப்பில் சேர்ந்திருந்தார். லேப் மட்டும் பகலில். சனிக்கிழமை ஒரு பேட்ச். மற்றவை எல்லாம் வார நாட்களில், காலையில். சனிக்கிழமை கிடைக்காவிட்டால் வேலை, படிப்பு இரண்டில் ஒன்றை விட வேண்டும். லேப் பதிவு அன்று ஐந்து மணிக்கு மூடுகிறது. பதிவு செய்யக் கணக்கு வேண்டும். அதுதான் திறக்கவில்லை.

"ரெண்டு தபா போட்டேன் மேடம். ரெண்டு தபாவும் ஓடிபி தப்புன்னு சொல்லிகினு கீது."

"மூணாவது தடவை போட்டுடாதீங்க சார். தப்பாச்சுன்னா நாளைக்கு வரைக்கும் பூட்டிக்கும். ஓடிபி உங்க ஃபோனுக்குத்தானே வந்துது?"

"எனக்கு எங்க வந்துச்சு? ஜெயக்கொடி அக்காவுக்கு வந்துச்சு. அவங்க படிச்சாங்க, நான் போட்டேன்."

ஜோவிதா அவருடைய பதிவைத் திறந்தார். முகவரி செம்பாக்கம். அதிலிருந்த கைபேசி எண்ணைத் தேடல் கட்டத்தில் போட்டார். இருபத்தேழு பெயர்கள் வரிசையாக வந்தன.

"ஜெயக்கொடி அக்கா பிரவுசிங் சென்டர் வச்சிருக்காங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அட்மிஷன் ஃபார்ம்ல அவங்க நம்பரையே போட்டிருக்காங்க. உங்களுக்கு மட்டும் இல்ல, இருபத்தேழு பேருக்கு. இன்னிக்கு எல்லாரும் கணக்கு திறக்கறாங்க. எல்லாரோட ஓடிபியும் அந்த ஒரு ஃபோனுக்குப் போகுது. உங்களுக்குப் படிச்சது வேற யாரோடதோ."

முனிரத்தினம் உடனே ஜெயக்கொடியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லு முனி. இங்க ஒரே பேஜாரா கீதுப்பா. டொய்ங் டொய்ங்னு வந்துகினே கீது. எது உன்னுது, எது எதிர் வூட்டுப் பொண்ணுதுன்னு தெர்ல. கடைசியா வந்தத படிக்கவா?"

"படிக்காதீங்க அக்கா," என்றார் ஜோவிதா.

எண்ணை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு படிவம், ஆதார் நகல், படிப்பின் ஒருங்கிணைப்பாளர் தனசிங் கையெழுத்து. அவருடைய அறை மெக்கானிக்கல் பிளாக்கில், மூன்றாவது மாடி.

"மணி நாலாவப் போவுது மேடம். நீங்களே மாத்தி வுட்ருங்க. கையெழுத்த நாளைக்குத் தரேன். நான் இன்னா ஓடியா பூடுவேன்?"

"நீங்க ஓட மாட்டீங்க. ஆனா கையெழுத்து இல்லாம மாத்திக் குடுப்பாங்கன்னு தெரிஞ்சா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து உங்க பேரச் சொல்லி அவர் நம்பரப் போடச் சொல்வாரு. இப்ப ஓடுங்க. லிஃப்டுக்கு நிக்காதீங்க, அது வர்றதுக்குள்ள போயிட்டே வந்துடலாம்."

அவர் ஓடினார். ஜோவிதா திரையில் இருந்த எண்ணைப் பார்த்து ஜெயக்கொடியைத் தானே அழைத்தார்.

"நல்லதுக்குத்தான் போட்டேன் மேடம்," என்றார் ஜெயக்கொடி. "பாதிப் பேரு மாசத்துக்கு ஒரு சிம் மாத்துறாங்க. மீதிப் பேரு மெசேஜையே பாக்குறதில்ல. என் நம்பர்னா நான் பாத்து சொல்லிடுவேன்."

"தெரியும் அக்கா. நானும் அப்படித்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்."

அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. இருபது வயதில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தவர் ஜோவிதா. கணினியில் வரும் பிழைச் செய்திகளை நோட்டில் எழுதி, கீழே தீர்வையும் எழுதிக் கற்றுக்கொண்டார். தெருவில் பாதிப் பேருக்கு அவர் எண்தான் எண். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் போனபோது சார்ஜரைக் கடையிலேயே வைத்துவிட்டார். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்த சுபத்ராவை நேர்காணலுக்கு அழைத்த செய்தியை அவர் பார்த்தபோது நேர்காணல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சுபத்ராவுக்கு அடுத்த வருடம்தான் இடம் கிடைத்தது. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு ஜோவிதா யார் படிவத்திலும் தன் எண்ணைப் போடவில்லை.

"இப்ப நான் இன்னா பண்ணணும் மேடம்?"

"இனிமே யாருக்கும் படிச்சு சொல்லாதீங்க. மிச்சம் இருபத்தாறு பேரையும் அவங்கவங்க ஃபோன், ஐடி கார்டோட இங்க அனுப்புங்க. அவங்க வேற கோர்ஸ், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு."

"இருபத்தாறு வூட்டுலயும் திட்டு வாங்கணுமே."

"இன்னிக்கே சொன்னீங்கன்னா கம்மியா விழும்."

நாலு முப்பத்திரண்டுக்கு முனிரத்தினம் திரும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சார் ரூம்ல இல்ல. கேன்டீன்ல புடிச்சேன். வடைய கீழ வச்சிட்டுப் போட்டாரு." படிவத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

ஜோவிதா மேலிருந்து கீழ்வரை படித்தார். "உங்க கையெழுத்துக்குக் கீழ தேதி போடலியே."

முனிரத்தினம் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு தேதியைப் போட்டார்.

ஆதார் படத்தையும் எதிரில் நின்ற முகத்தையும் ஒப்பிட்டு, எண்ணை மாற்றினார் ஜோவிதா. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சரிபார்த்துவிட்டு ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்தினார். முனிரத்தினத்தின் சட்டைப் பை அதிர்ந்தது.

"வந்துச்சு மேடம். என் ஃபோனுக்கே வந்துச்சு. நாலு, ஏழு..."

"என்கிட்ட சொல்லாதீங்க. நீங்களே போடுங்க." நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது.

ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. "பாஸ்வேர்டு கேக்குது. என் பொண்ணு பேரு போடவா?"

"அது உங்க தெருவுக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா ஏதாவது போடுங்க."

பிறகு முனிரத்தினம் தனக்குள் சிரித்துக்கொண்டே வேகமாகத் தட்டினார். "தொறந்துகிச்சு," என்றார்.

சனிக்கிழமை பேட்சில் மூன்று இடங்கள் மீதம் இருந்தன. மணி நாலு நாற்பத்தாறு. அவரே அழுத்தினார். இடங்கள் இரண்டாகக் குறைந்தன.

பிரிண்டரிலிருந்து வந்த சீட்டில் பெயர், பதிவு எண், பேட்ச் மூன்றையும் ஜோவிதா பேனா முனையால் தொட்டுச் சரிபார்த்தார். முத்திரை குத்தி, மை காய ஒரு தரம் ஊதினார்.

"சனிக்கிழமை, காலைல ஒம்பது மணி," என்று சொல்லி நீட்டினார். முனிரத்தினம் இரண்டு கைகளையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார்.