ஐந்தாவது வெடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் குற்றாலத்து மலையடியில் பாறை உடைத்து ரோடு போடும் கான்ட்ராக்ட் எனக்குக் கிடைத்தது. பத்து ஆட்களின் உயிருக்கு நான்தான் பொறுப்பு. அதனால் வெடிச் சத்தத்தை எண்ணும் வேலையை யாரிடமும் விடமாட்டேன். எத்தனை குழியில் மருந்து வைத்தோமோ அத்தனை சத்தமும் கேட்ட பிறகே விசில் ஊதுவேன். அதுவரை எல்லோரும் பெரிய பாறைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அன்று ஐந்து குழி. டமார், டமார் என்று மலையே அதிர்ந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஐந்து எண்ணி முடித்ததும் வெளியே வந்து விசிலை வாயில் வைத்தேன்.

"ஊதாதிய அண்ணாச்சி!" என்று கத்தினாள் கல் சுமக்கும் பெண். "புகை நாலுதான் கெளம்பிச்சு. ஒண்ணு மலையில மோதித் திரும்புன சத்தம்."

"எனக்கா எண்ணத் தெரியாது?" என்று எகிறினேன். சொல்லி வாய் மூடவில்லை, ஐந்தாவது குழி வெடித்தது. தேங்காய் அளவு கல் ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது.

உயிரோடு இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. அங்கேயே நின்று விசிலை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், ஊதவில்லை.

"கல்லு இன்னும் விழுது. மொதல்ல நீங்க பாறைக்குப் பின்னால போங்க அண்ணாச்சி" என்றாள்.