பக்கம் திறந்தால் எரியும் பல்பு

தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்ய ஓர் இலவச மென்பொருள் உண்டு. யார் யாரோ அவரவர் வீட்டில் உட்கார்ந்து சும்மா எழுதிக் கொடுத்தது. அதன் கையேட்டில் அறுந்துபோன லிங்க்குகளைச் சரிசெய்வது என் வேலை. கூலி கிடையாது, வசவு உண்டு. தினமும் காலையில் என் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் தானாகவே ஒவ்வொரு லிங்க்கையும் திறந்து பார்த்து, திறக்காததை எனக்குச் சொல்லும்.

அதில் ஒன்று என் பிராணனை வாங்கியது. ஒரு வாரம் ஒழுங்காகத் திறக்கும், திடீரென்று ஒரு நாள் திறக்காது, பிறகு மறுபடியும் திறக்கும். குளத்தூரில் இருந்த என் நண்பன் எழுதிய பக்கம் அது. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டு அதிலிருந்தே உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பைக் விபத்தில் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பிறகு யார் அதை ஓட்டுகிறார்கள்? நேரில் போனேன்.

அவனுடைய அக்காதான் ஓட்டிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் வந்தால் அவளே மறுபடி ஆன் செய்வாளாம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பல்பு. யாராவது அவன் பக்கத்தைத் திறந்தால் எரியும்படி அவன் செய்துவைத்தது.

“எலே மக்கா, தெனமும் காலத்தே ஆறரைக்கு இது எரியும் கேட்டியா. அவனத் தேடி இப்பவும் ஆரோ வாறாவ. இது எரிஞ்ச பொறவாக்கும் நான் காப்பி குடிப்பேன்.”

ஆறரை என் நிரல் ஓடும் நேரம். ஐயோ, வேறு யாருமே வரவில்லை, வருவது நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? பக்கத்தை நான் வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன், கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அதை முழுங்கிக்கொண்டு, பக்கத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்தேன். அதை வேறு இடத்தில் ஏற்றி, கையேட்டில் லிங்க்கை மாற்றினேன். பழைய முகவரி இனி எங்கும் இல்லை. என் நிரலில் மட்டும் விட்டுவைத்தேன். அக்கா காப்பி குடிக்கட்டும்.

மழைக்காலத்தில் எனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். இடி மின்னலுக்குப் பயந்து வீட்டில் என் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்து அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் அந்த மனுஷி பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே! உடனே போன் போட்டேன்.

“அக்கா, லைட்டு…”

“எரியுதே மக்கா. இன்னைக்கும் ஆறரைக்கு எரிஞ்சுது. ஒரு நாளும் மொடங்கல்ல.”

ஏதாவது தேடுபொறி தானாகவே வந்து பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தேன். தினமுமா? சரியாக ஆறரைக்கா?

பிளக்கைக் கையில் எடுத்தேன். செருகத் தைரியம் வரவில்லை. நான் மறுபடி போக ஆரம்பித்தால், இப்போது அங்கே வந்துகொண்டிருப்பது வராமல் போய்விட்டால்?