முதல் பந்தியில் நான்

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் அட்டுவம்பட்டி வீட்டில் ஒரு பெரிய குற்றம் நடந்துவிட்டது. விருந்தாளிகள் சாப்பிட உட்கார்ந்தபோது நானும் கூடவே உட்கார்ந்துவிட்டேன்.

வந்திருந்தது என் கணவரின் அண்ணனும் (எனக்கு அத்தான்) அவர் மனைவியும், மதுரையில் இருந்து. மே மாதம் பிறந்துவிட்டால் கொடைக்கானலில் வீடு இருப்பவர்களுக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும் — உங்களுக்குத் தெரியாததா? வரட்டும். எனக்கு மனிதர்களைப் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்... ஆறிப்போன சோறு.

கீழே இருப்பவர்களுக்கு இது புரியாது. மதுரையில் எத்தனை நேரம் கழித்துச் சாப்பிட்டாலும் குழம்பு வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே? அடுப்பைவிட்டு இறக்கிய கொஞ்ச நேரத்தில் கறிக்குழம்பின் மேல் கொழுப்பு மெழுகாக உறைந்துவிடும். ஆண்களுக்குப் பரிமாறி, பிள்ளைகளுக்குப் பரிமாறி, ரசத்தைச் சூடு பண்ணி, அப்பளம் பொரித்து... கடைசியில் அடுப்படியில் நின்றபடி அந்த மெழுகைத் தின்பவள் யார்? சமைத்தவள்தான். கல்யாணமாகி மலையேறியதில் இருந்து ஒவ்வொரு சீசனிலும் இதையேதான் தின்றேன். இந்த வருஷம் முடியாது என்று முடிவு செய்தேன்.

ஆகவே சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எல்லாவற்றுக்கும் லீவு. ஒரே பானை. ஆட்டுக்கறி, பட்டர் பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டுக் கிளறிய சோறு. தொட்டுக்கொள்ளத் தயிர் வெங்காயம். பானையை அப்படியே கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தேன். என் கணவர் ஜெபம் செய்தார். ஆமென் சொன்ன கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அத்தானின் முகம் மாறியது. "என்னம்மா, பரிமாறலையா?"

"பானை நடுவுலதான் இருக்கு அத்தான். வேணுங்கறதப் போட்டுக்கங்க. வெரசா சாப்பிடுங்க, ஆறிரும்."

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "நீ சாப்பிடும்மா. நான் அவுகளுக்கு வச்சிட்டு அப்புறமா..."

"அப்புறம்னா குளுந்து போயிரும்க்கா. உக்காருங்க."

"நம்ம குடும்பத்துல அப்படி வழக்கமில்லையேம்மா" என்றார் அத்தான்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. "அந்த வழக்கம் மதுரையில அத்தான். இது மலை. அக்கா உக்காரலன்னா பானைய மூடிருவேன். யாருக்கும் சோறு கெடையாது."

என் கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அண்ணன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். விருந்தே கெட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்களோ என்று எனக்கும் படபடப்புதான். ஆனால் மூடியைக் கையில் எடுத்தாயிற்றே... இனி இறங்கி வர முடியுமா?

அக்கா உட்கார்ந்தார். நாற்காலி நுனியில்தான். ஒரு கவளம் வாயில் வைத்தார். "சூடா இருக்கு" என்றார் மெதுவாக. கல்யாணத்துக்குப் பிறகு புருஷனோடு சேர்ந்து உட்கார்ந்து அவர் சாப்பிடுவது அன்றைக்குத்தான் முதல் தடவையாம்.

பத்து வகை ஆக்கிப்போட்டுவிட்டு வீட்டுக்காரி அடுப்படியிலேயே கிடந்தால் அதற்குப் பெயர் உபசாரமா? அதற்கு அவர்கள் ஓட்டலுக்கே போயிருக்கலாமே. என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பானைச் சோறும், எதிரே உட்கார்ந்து பேச நானும் உண்டு. போதாது என்பவர்களுக்குப் பஸ் இருக்கிறது.

பாதிச் சாப்பாட்டில் அத்தான் அக்காவைப் பார்த்தார். "தண்ணி."

அக்கா எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"செம்பு உங்க கைக்கிட்டதான் இருக்கு. ஊத்திக்கங்க" என்றார்.

அத்தானே ஊற்றிக்கொண்டார். கை ஒன்றும் ஒடிந்துவிடவில்லை.