முதல் வாளி

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதன் விளிம்பில் ஓரிடத்தில் உருகி வழிந்து இறுகிப்போன வடு. சுடுதண்ணீர் போடும் கரண்ட் ராடு பட்டு வந்த வடு அது. ஏழு குளிர்காலம் அந்த வாளியில் குளித்துவிட்டு வந்து, தினமும் காலையில் என் மாமனார் என்னிடம் ஒரே பொய்யைச் சொன்னார். நானும் தினமும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, அந்தப் பொய்யை ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பூனாவை ஒட்டிய சிஞ்ச்வட்டில் இந்தச் சின்ன வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். மாமியார் போன பிறகு மாமனாரும் எங்களோடு வந்துவிட்டார். வேலூர்ப் பக்கத்துக்காரர், கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. குளிர்காலம் வந்தால் மட்டும் இழுப்பு அவரைப் படுத்தி எடுத்துவிடும். வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ராடு போட்டுத் தண்ணீர் காய்ச்சுவார். ஒருநாள் சுவிட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, ஷாக் அடித்துச் சுவரில் போய் விழுந்தார். சரிந்த ராடு வாளி விளிம்பைப் பொசுக்கியது. அன்றைக்கே முடிவு செய்தேன், மொட்டைமாடியில் சோலார் போட்டுவிடுவது என்று. அப்போது பூனாவில் வீட்டுக்கு வீடு மாடியில் அந்தக் கண்ணாடித் தகடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஆக, சோலார் போட்டதே அவருக்காகத்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்லிப் பயனில்லை.

ஃபிட்டரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் மாமனார்தான். கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பேசுவதில் பாதி தமிழ், பாதி ஹிந்தி. வேலையில் கெட்டிக்காரன். மாடியில் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, தெற்கு எது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் எதுவரை விழும் என்று கணக்குப் போட்டு, சாக்பீஸால் கோடு கிழித்தான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வெந்நீர்க் குழாயை எந்த வழியாக இறக்குவது என்பதில்தான் நான் குறுக்கே போனேன்.

“மேடம், மேலேருந்து ஹால் மூலையில ஒரு ஓட்டை போட்டு நேரா பாத்ரூமுக்கு இறக்கிடறேன். பைப் சின்னதா இருக்கும். திறந்ததும் சூடு வரும்” என்றான்.

ஹாலுக்குப் பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இளம் ரோஜா நிறம். கடை கடையாக ஏறி இறங்கி நானே தேர்ந்தெடுத்தது. அந்தச் சுவரில் குழாயா? வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோகச் சொன்னேன்.

“சுத்திப் போனா நீளம் ஜாஸ்தி மேடம். ராத்திரி பூரா பைப்புல நிக்கிற தண்ணி தண்டா ஆயிடும். காலையில பஹலா ஒரு பால்டி ஜில்லுனுதான் வரும்.”

“முதல் வாளி மட்டும்தானே, செடிக்கு ஊத்திக்கிறேன்” என்றேன்.

மாமனார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஃபிட்டர் டீ குடித்து முடிப்பதற்குள் நான் அந்தப் பேச்சை மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

அதுவரை நாங்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு நிதானமாகக் குளிப்பவர், மறுநாளிலிருந்து காலை ஐந்து மணிக்கே முதல் ஆளாகக் குளிக்கத் தொடங்கினார். வெந்நீர் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். “தண்ணி சூடா இருக்கா மாமா?” என்று கேட்பேன். “கொதிக்குதும்மா. ஆற வச்சுதான் ஊத்திக்கினேன்” என்பார். அடுத்து நாங்கள் போய்க் குழாயைத் திறந்தால் ஆவி பறக்கும். பிறகு எனக்கென்ன சந்தேகம் வரும்? பேங்கில் உடன் வேலை பார்த்தவர்களைக் கூட்டிவந்து காட்டினேன். “திறந்த நிமிஷம் வெந்நீர், எங்க மாமனாரையே கேளுங்க” என்பேன். அவரும் தலையாட்டுவார். அந்த ஜில் தண்ணீரை அவர் செடிக்குத் தூக்கிவந்தால் குட்டு உடைந்துவிடும், கீழேயும் ஊற்ற முடியாது. யாராவது குழாயைத் திறந்துவிட்டு நின்றால் வீடே அதிரக் கத்துகிறவள் நான்தான்.

கண்ணிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் குளித்து வந்தால் குளியலறைக் கண்ணாடி மங்கிப்போயிருக்கும். அவர் குளித்து வந்தால் பளிச்சென்று இருக்கும். சுத்தக்காரர், துடைத்துவிட்டு வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். குளித்துவிட்டு வந்தவர் கைநடுங்கக் காபி டம்ளரைப் பிடிப்பார். வயது என்று நினைத்தேன். இழுப்பு குறையவில்லை, டாக்டரை மாற்றினேன். ஊருக்குப் போவதென்றால் அவர் மே மாதம்தான் போவார். அந்த மாதம் குழாயில் நிற்கும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். இதையெல்லாம் பிற்பாடுதான் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தேன்.

ஒரு ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள், நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே கிடக்க, போய்விட்டார். வயதாகிவிட்டது என்றார் டாக்டர். அதற்குமேல் நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

காரியம் முடியும்வரை வீடு நிறைய உறவுக்காரர்கள். குழாய் மூடவே இல்லை. எல்லோரும் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் நான் முதலில் எழுந்து வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். கை விறைத்தது. வாளி நிறைந்தும் தண்ணீர் சுடவில்லை. சோலார் கெட்டுவிட்டது என்று ஃபிட்டருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

அவன் வந்தான். மாடியேறிப் பார்த்தான். இறங்கிவந்து குழாயைத் திறந்து, ஒரு வாளி நிறையும்வரை விட்டான். அதன்பின் வந்த தண்ணீரில் ஆவி எழுந்தது.

“கெட்டுப் போகல மேடம். பஹலா பால்டி இப்படித்தான் வரும்னு அன்னிக்கே சொன்னேனே” என்றான். “அங்கிள் சொல்லலையா? போட்ட வாரமே போன் பண்ணாரு. கரெக்டா எவ்ளோ தண்ணி ஜில்லுனு வரும்னு கேட்டாரு. ஒரு பால்டி, மேல ரெண்டு மக்குன்னேன். ஹால் வழியா மாத்திக் குடுக்கறேன் அங்கிள், அரை நாள் வேலைதான்னேன். ‘வாணாம்பா, மருமவ ஆசையா பெயிண்ட் அடிச்ச செவுரு. அதுங்கிட்ட ஒண்ணும் சொல்லாத’ன்னாரு.”

இப்போதே உடை என்றேன். பத்து மணிக்கு உளியை வைத்தான். ரோஜா நிறக் காரை தரையெல்லாம் கொட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் குழாய் இறங்கிவிட்டது. அரை நாள்கூட ஆகவில்லை.

பூசிய இடத்துக்கு அதே நிறம் கிடைக்கவில்லை. மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இன்னும் நிற்கிறது. வீடு முழுவதற்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாம் என்று கணவர் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். இப்போது முதல் ஆளாகக் குளிப்பது நான். இன்று காலையும் அந்தச் சிவப்பு வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். முதல் சொட்டே சுட்டது. வாளி பாதி நிறைவதற்குள் கண்ணாடி மங்கிவிட்டது. “கொதிக்குது மாமா” என்றேன். பிறகு உருகிய விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.