ரூம் இல்லீங்க

வேலூரில் பேச்சுப் பயிற்சி அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டு டோக்கன்கள். அம்மா சக்கர நாற்காலியில், நான் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில். சின்ன வயதில் நான் விளையாடிய வீடியோ கேம் ஒன்றைப் புதிதாக எடுக்கிறார்கள், அந்த ரீமேக்கின் புது டிரெய்லர் போனில் வந்திருந்தது. ஹெட்போனை வீட்டிலேயே விட்டுவிட்டதால் சத்தத்தைக் கம்மியாக வைத்துப் பார்த்தேன். நடுவில் கதாநாயகி ஒரு விடுதிக்குள் நுழைகிறாள். பழைய விளையாட்டில் விடுதியில் தூங்கி எழுந்தால் ஒரு துண்டு இசை வரும், நாலு நொடிகூட இருக்காது. அது ஒலித்தது. அம்மா தலையைத் திருப்பிப் போனைப் பார்த்து, "ரூம் இல்லீங்க" என்றாள்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஐந்து மாதமாக அம்மா சொல்வது அது ஒன்றுதான். பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்தபோது பேச்சும் போனது. மூன்றாவது வாரம் மீந்து வந்தது இந்த இரண்டு வார்த்தைகள். பசித்தாலும் ரூம் இல்லீங்க, வலித்தாலும் ரூம் இல்லீங்க. பெயர் என்னவென்று நர்ஸ் கேட்டாலும் அதே பதில். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் பத்தொன்பது வருடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள் அம்மா. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரிவலம் வருகிறவர்களின் போன் விடியற்காலையிலிருந்து அடிக்கும். ஒவ்வொரு போனுக்கும் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி, அது மூளையில் வேறு எங்கேயோ போய்ப் பதிந்துவிட்டது என்று பயிற்சி தரும் மேடம் விளக்கினார்கள்.

"சில பேருக்கு சாமி பாட்டு நிக்கும், சில பேருக்குக் கெட்ட வார்த்த நிக்கும். வாய்க்குப் பழகினதுதான் தங்கும். இதுக்குப் பக்கத்துல இன்னொரு வார்த்த வந்துடுச்சின்னா போதும், அத புடிச்சிகிட்டு மேல போலாம்."

இன்னொரு வார்த்தை. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆப்பிள் படம், நாய் படம், டம்ளர் படம் என்று அட்டைகளை மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தாயிற்று. ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றைக்குப் போனைப் பார்த்துச் சொன்ன ரூம் இல்லீங்க, வழக்கமாகச் சொல்வது மாதிரி இல்லை. மேசைக்கு முன்னால் நிற்கும் ஆளுக்குச் சொல்வது மாதிரி இருந்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. டோக்கன் நம்பரைக் கூப்பிடுவதற்குள் நான் முழுத் திட்டமும் போட்டுவிட்டேன். ரீமேக் வரட்டும், அம்மாவை டிவி முன்னால் உட்காரவைத்து முதலிலிருந்து விளையாடுவோம்.

ஏன் அந்த விளையாட்டு என்பதைச் சொல்ல வேண்டும். அது எங்கள் வீட்டுக்கு வந்ததே லாட்ஜ் வழியாகத்தான். தியானத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், மாடி அறையில் ஒரு கேம் பெட்டியையும் உள்ளே ஒரே ஒரு டிஸ்க்கையும் விட்டுவிட்டுப் போனார். மனசு அடங்க வேண்டுமென்று வேண்டுமென்றே விட்டாரோ, மறந்தாரோ தெரியாது. ஒரு வருடம் யாரும் தேடி வரவில்லை. "உன் பொண்ணு ஏதோ நோண்டிகினே இருக்கும்ல, எடுத்துக்கினு போம்மா" என்று மேனேஜர் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் அப்போது ஆறாவது. ஊர் ஊராகப் போய், அரக்கர்களை அடித்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, நீளமான கதை ஒன்றை முடிக்க வேண்டிய விளையாட்டு. வீட்டில் வேறு டிஸ்க் இல்லாததால் மூன்று வருடம் அதையே விளையாடினேன்.

அம்மா டியூட்டி முடிந்து வந்து பின்னால் உட்கார்ந்துகொள்வாள். சண்டையெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. விடுதி வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவாள்.

"ஐடி ப்ரூஃப் கேக்கல பாரு. பேரு கூட எழுதிக்கல. கத்தி வெச்சிகினு நாலு பேரு வந்து நிக்கறாங்க, இவன் சாவிய எடுத்துக் குடுக்கறான். ஒரு நாளைக்கு போலீஸ் வந்து நிக்கப் போவுது."

"அது கேம்மா."

"கேம்னா? லாட்ஜு லாட்ஜுதான்டி."

ரீமேக் வரப்போவதாக அறிவித்தபோது நான் கல்லூரி இரண்டாம் வருடம். பிறகு இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். நான் தினமும் அந்த கேம் ரசிகர்களின் இணைய மன்றங்களில் உட்கார்ந்து, ஒரு படத்தில் தெரியும் நிழலை வைத்து மூன்று பக்கம் எழுதுகிற ரகம். வெளியாகும் அன்று வேலைக்கு லீவு போடுவேன், முதல் காட்சியிலேயே அழுவேன் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். வெளியானது. அதற்கென்றே வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியில் டவுன்லோடு முடிய மூன்று நாள் ஆனது, நடுவில் பௌர்ணமிக் கூட்டம் வந்துவிட்டதால் நெட் நகரவே இல்லை. முடிந்ததும் திரையில் விளையாட்டின் பெயர் வந்தது. நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் மதிய மாத்திரை நேரமாகிவிட்டதா என்று பார்த்தேன்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துனர், அன்று வார விடுமுறை. கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவில் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏன்டி, டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டுல இதுவும் இருக்குதா?"

"இருக்குதுப்பா. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு."

முதல் ஊருக்கே நேராக ஓடினேன். கதையைத் தாண்டிவிட்டேன், பேசியவர்களை நிறுத்திவிட்டேன். விடுதிதான் வேண்டும். கதவு திறந்தது. அழகாகக் கட்டியிருந்தார்கள். மரத்தரை, விளக்கின் மஞ்சள் வெளிச்சம், படிக்கட்டில் தூங்கும் ஒரு பூனை. மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை. ஒரு கட்டில் படம் மட்டும் மினுங்கியது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் உடம்பு சரியாகிவிடும், அவ்வளவுதான். நேரம் வீணாகிறது என்று விடுதிக்காரனை எடுத்துவிட்டார்களாம். அந்த நாலு நொடி இசையும் இல்லை. டிரெய்லருக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பு என்றால் மன்றத்தில் பொங்கியிருப்பேன். அன்று எழுத ஒரு வரிகூட இல்லை. மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம், வீட்டுப்பாடம் மாதிரி விளையாடினேன். திரையில் தெரிவதையெல்லாம் சத்தமாகச் சொல்வேன். "கதவும்மா. கதவு. பூனை." அம்மா ரூம் இல்லீங்க என்பாள். சில நாள் அதுவும் இல்லை. நான் வீட்டிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அடுத்த வீட்டு அக்கா வந்து அம்மாவோடு உட்காருவார்கள். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை. அம்மாவும் அவர்களும் முப்பது வருடப் பழக்கம், அம்மாவை அவர்கள் வீட்டு வழக்கப்படி பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இன்னா பாபி, நல்லாகீறீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள்.

"ரூம் இல்லீங்க."

"இல்லன்னா போவுது, வராண்டாவுல படுத்துக்கறேன். காத்து ஜாஸ்தியா வரும்."

அம்மாவின் பாதி முகம் சிரிக்கும். மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் பதில் வராது. நான் சரியான வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கிற ஆள்.

பதினோராவது நாள் ஒரு மலை வந்தது. மலையடியில் ஒரு கிராமம், கிராமத்தைத் தாண்டினால் மலையைச் சுற்றிப் போகும் பாதை இரண்டாகப் பிரிகிறது. கைகாட்டிப் பலகை வலது பக்கம் போகச் சொல்கிறது. பலகை சொன்னபடி நான் வலது பக்கம் திரும்பினேன். நாலடிகூட வைத்திருக்கமாட்டேன், அம்மாவின் இடது கை என் தொடையில் அடித்தது.

"ரூம் இல்லீங்க."

"இரும்மா, இத முடிச்சிடறேன்."

மறுபடி அடி. "ரூம் இல்லீங்க! ரூம் இல்லீங்க!"

அப்பா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். "இன்னாடி, பாத்ரூமா? தண்ணியா?" இரண்டும் இல்லை. தலையணையை மாற்றினோம். அதுவும் இல்லை. அம்மா டிவியைப் பார்த்து இடது கையை நீட்டி, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் இதே இடத்தில் பெரிய சண்டை. "மலைய வலது கை பக்கம் வெச்சிக்கினு போடி. மலைய சுத்தறதுன்னா வலம்தான். இடமா சுத்துவாங்களா யாராவது?" என்று அம்மா விடவே மாட்டாள். பலகைக்கு எதிர்ப்பக்கம் போனோம். அந்தப் பக்கம் கடைசியில் வரவேண்டிய அரக்கர்கள் முதலிலேயே வந்தார்கள். அரைப்பரீட்சை லீவு முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தோம். இந்த விளையாட்டே அப்படித்தான், ரொம்பக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டோம். உலகத்தில் எல்லோருக்கும் அதுதான் சுலபமான கட்டம் என்று கல்லூரி வந்த பிறகு மன்றத்தில் படித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "அப்பிடி போயி அவங்க இன்னாத்த கண்டாங்க?" என்றாள்.

இப்போது ஆளைத் திருப்பி இடது பக்கப் பாதையில் விட்டேன். மலை வலது கைப் பக்கம் வந்தது. அம்மா அமைதியானாள். எனக்கு நம்பிக்கை இல்லை, நான் வேலையில் செய்வதே சாஃப்ட்வேர் பரிசோதனைதான். மறுபடி பலகைப் பக்கம் திருப்பினேன். "ரூம் இல்லீங்க!" முன்பதிவு இல்லாமல் பன்னிரண்டு பேராக வந்து நிற்பவர்களுக்குச் சொல்கிற குரல். இடது பக்கம் திருப்பினேன், மௌனம். மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் அப்படியேதான் நடந்தது.

"போதும், அவள படுத்தாத," என்றார் அப்பா. ஆனால் அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பாதையில் அரக்கர்கள் வந்தார்கள். நாலு முறை செத்தோம். ஒவ்வொரு முறையும் அம்மா தாழ்ந்த குரலில், வருத்தத்தோடு, ரூம் இல்லீங்க என்றாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நேரத்தைப் போனில் குறித்து வைத்தேன். கேம் பெட்டியை அணைத்தேன். பாத்திரம் தேய்த்தேன்.

அடுத்த முறை வேலூருக்குப் போனபோது குறிப்புகளைக் காட்டி மேடத்திடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

"அவங்களுக்குப் புரியுதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும்மா. புது வார்த்த வந்துச்சா?"

"இல்ல மேடம்."

"சரி. கோவம் வந்துதுல்ல, அது நல்லது. நீங்க வெளாடி அவங்க பாக்கறத நிறுத்துங்க. அவங்க கையில குடுங்க. செய்யும்போது சில சமயம் வாயும் சேந்து வரும். வரும்னு நான் சொல்லல." பிறகு அட்டைகளை எடுத்துக்கொண்டே, "அப்புறம், கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்றீங்க. அஞ்சு நிமிசமா பாக்கறேன். கேட்டா காத்திருங்க. மனசுக்குள்ள இருவது எண்ணுங்க" என்றார்கள்.

ரீமேக்கின் அமைப்புப் பக்கத்தைத் துருவியதில், ஒரே ஆளை இரண்டு கட்டுப்பாட்டுக் கருவிகள் கொண்டு இயக்கும் வசதி இருப்பது தெரிந்தது. கருவியில் ஆளை நடக்க வைக்கும் குச்சி இடது பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அசைவதும் இடது கைதான். இரண்டாவது கருவி ஒன்று வாங்கி, நழுவாமலிருக்க ஒரு சின்னத் தலையணை மேல் வைத்துத் துணி டேப்பால் சுற்றியிருக்கிறேன். அப்பா அதைத் தூக்கிப் பார்த்து, "டிக்கெட் மிஷின் மாதிரி கீது" என்றார்.

நாளை மதியம் அம்மா மடியில் அதை வைக்கப் போகிறோம். நடப்பது அவள், சண்டை என்னுடையது. முதலில் சண்டையே வேண்டாம், அந்தக் கிராமத்துக்குள் மட்டும் நடக்கட்டும். வீடுகளில் முட்டட்டும், கிணற்றில் முட்டட்டும். எங்காவது நிற்பாள் இல்லையா, அப்போது "எங்கம்மா போறோம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். கேட்டுவிட்டு இருபது வரை எண்ண வேண்டும். இன்று சாப்பாட்டு நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். ஏழுக்கு மேல் போக முடியவில்லை.